பட்டையில் விட்ட துளை

இன்று காலை முசரவாக்கம் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குள் வெல்டிங் வேலைக்காக நுழைந்ததும் கருகிய பெயிண்ட் நாற்றம் மூக்கில் ஏறியது. அண்ணாந்து பார்த்தேன். நீராவிக் குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்தைச் சுற்றிப் பற்றவைத்திருந்த இரும்புப் பட்டையில், விரல் நுழையாத அந்தச் சின்னத் துளையை எவனோ எதையோ அப்பி, மேலே பெயிண்ட் பூசி அடைத்திருந்தான். உன் ஞாபகம் வராமல் வேறு யார் ஞாபகம் வரும்?

நாம் இருவரும் கூட்டாக வெல்டிங் பட்டறை வைத்த புதிதில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் இதேபோல் ஒரு வேலை செய்தோம். ஆறு அங்குலக் குழாயில் நாலு அங்குலக் கிளை. முகூர்த்தப் புடவைக்கு நூல் காத்துக்கிடக்கிறது, மத்தியானத்துக்குள் நீராவி வேண்டும் என்று முதலாளி தலைமேல் நின்றார். பட்டை எதற்கு, வெல்டையே தடியாகப் போட்டுவிடலாம் என்றேன். நீ பழைய குழாயின் தடிமனை அளந்து என் முகத்துக்கு நேரே காட்டினாய்.

"குழாயே தேஞ்சி போயிருக்குதுபா. ஓட்டை போட்டு அவ்ளோ இரும்பை எடுத்துட்டு, சுத்தி ஒண்ணும் குடுக்கலைன்னா எப்படித் தாங்கும்? கனமான ரெடிமேட் ஃபிட்டிங் வர ரெண்டு நாளாவும். பட்டைதான்."

கிளையை நான் பற்றவைத்தேன். அதன்மேல் பட்டையை வளைத்து நீ பற்றவைத்தாய். அடியில் கசிந்தால் காட்டிக்கொடுக்க அதில் ஒரு துளையும் விட்டாய். தண்ணீர் ஏற்றிச் சோதிக்கலாம் என்றாய். நேரமில்லை என்று நீராவியைத் திறக்கச் சொன்னவன் நான்.

அழுத்தம் ஏற ஏறத் துளை சீறத் தொடங்கியது. நேர் கீழே கஸ்தூரி அக்கா பட்டு நூலைத் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு போல்ட்டை எடுத்துத் துளையில் அடிக்கப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாய்.

"உள்ள வெல்டு விட்டுக்கினு இருக்குது. இதையும் மூடிட்டா நமக்கு யார் சொல்லுவா? அக்கா, வெளிய போங்க."

கொதிகலனை அணைத்துப் பட்டையை வெட்டியெடுத்தோம். என் வெல்டில் பாதிச் சுற்றுக்கு விரிசல். யார் போட்டது என்று முதலாளி கத்தினார். "நாங்க போட்டதுதான் சார்" என்றாய். நான் வாய் திறக்கவில்லை.

இன்றைய முதலாளி கொதிகலனை நிறுத்த மறுத்தார். "ஆவி வந்துக்கினே இருந்துது, அடைச்சோம். இப்பதான் நின்னுடுச்சே." கீழே நாலு பெண்கள் வேலையில் இருந்தார்கள். தடிமன், அழுத்தம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"இதே மாதிரி விரிசல் விட்ட வெல்டு ஒண்ணு நான் போட்டேன். துளையை அடைக்கவும் போனேன். என் கூட்டாளி தடுக்கலைன்னா அன்னிக்கு ஒரு அக்கா வெந்து போயிருப்பாங்க."

பெண்கள்தான் முதலில் தொட்டியை விட்டு வெளியே போனார்கள். அப்புறம்தான் அவர் அணைக்கச் சொன்னார்.

முன்பின் தெரியாத அத்தனை பேர் எதிரே சொல்ல முடிந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு மாதமும் உன் கட்டிலருகே உட்கார்ந்து, அன்றைக்குத் தப்பு என்னுடையதுதான் என்று உன்னிடம் மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கிரிக்கெட் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.