சுன்னாவும் சுன்னமும்

வெதுருகுப்பம்
23-1-2005

அன்பு மகன் கோவர்த்தனனுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்க நைனாவும் செவலப் பசுவும் கங்கம்மா தாயி புண்ணியத்துல சொகமா இருக்கோம், குவைத்துல நீயும் வேளைக்குத் துன்னுகினு காய்ச்சல் தலவலி இல்லாம இருக்கணும். போன்ல சொன்னா பாதியில கட்டாயிடும், அதான் உக்காந்து எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், பாத்துப் படி. டேய், நம்ப கெணத்துல தவள கத்துதுடா! நாலு நாளா கத்துது!

சர்க்கார் நம்ப ஜனத்துக்குன்னு மொதமொதல்ல குடுத்த நெலம், செம்புச் சொரங்கத்துக்குக் கீழ எவனும் வேணான்னு வுட்ட ஒரு ஏக்கரா. கெணறு வெட்டினா தண்ணி புளிச்சுது, நாத்து வுட்டா மூணாம் நாள் மஞ்சளாப் போச்சு. இந்தத் தண்ணியில ஒரு தவளகூட பொழைக்காது, நான் எப்பிடிப் பொழைக்கிறதுன்னு சொல்லிட்டுத்தானே நீ பிளேன் ஏறினே. தப்பு நம்பளுதும்தான்டா. அந்தச் சொரங்கத்துல உங்க நைனா பாறைக்கு வெடி வச்சாரு, ஒடஞ்ச கழிவுக் கல்ல நான் கூடை கூடையா வெளிய கொட்டினேன். வெளிநாட்டுச் செம்பு மலிவா எறங்கிடுச்சுன்னு கம்பெனிக்காரன் பூட்டிக்கினு போயிட்டான், கொட்டின மேடு மட்டும் அப்பிடியே நின்னுச்சு. மழ பேஞ்சா அதுல ஊறிப் புளிச்ச தண்ணி நேரா நம்ப கெணத்துக்குத்தான் வரும்.

போன கோடையில அந்த மேட்ட மூட ஆபீசருங்க வந்தாங்க. ஏரிக் களிமண்ணு போட்டு அமுக்கி, மேல நல்ல மண்ணு பரப்பி, புல்லும் புங்கஞ்செடியும் வச்சாச்சு. கூலிக்குப் போனது யாருங்கறே, நான்தான்! கொட்டின கையே மூடுச்சு. அப்ப நடந்த கூத்தக் கேளு. ஒரு ஆபீசர் நம்ப தண்ணியில காகிதம் முக்கிப் பாத்துட்டு உங்க நைனாகிட்ட தெலுங்குல என்னவோ சொல்லிட்டு ஜீப் ஏறிட்டாரு. வெடிச் சத்தத்துல போன காது இல்லியா, இவருக்கு 'சுன்னா'ன்னு கேட்டுடுச்சு. சைபராம்! கெணறே சைபர், தீந்துச்சுன்னு ரெண்டு நாள் வாயில சோறு வைக்கல. மூணாம் நாள் டிராக்டரக் கூட்டியாந்து கெணத்த மூட நின்னுட்டாரு பாவி மனுசன். ஒரு லோடு மண்ணு உள்ள வுழுந்தே போச்சு. நான் வயித்துல அடிச்சிகினு மேட்டுக்கு ஓடி ஆபீசரக் கேட்டா அவரு சிரிக்கிறாரு. சுன்னா இல்லம்மா, சுன்னம், சுண்ணாம்பு போடணும்னு சொன்னேன், புளிப்ப அது முறிச்சிடும்ங்கறாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துடுச்சு. திரும்ப ஓடியாந்து டிராக்டர் முன்னால உக்காந்துட்டேன்.

அப்பறம் மேட்டடியில கால்வா வெட்டி நெடுக சுண்ணாம்புக் கல்லு போட்டாங்க, நாங்க கெணத்துல வுழுந்த மண்ண வாரி, தண்ணிய மூணு வாட்டி எறச்சோம். மூடின மேடு ஐப்பசி கார்த்திக மழையும் தாங்கிடுச்சு. திருப்பதி லேப்ல பயிருக்கு ஆகும்னு எழுதிக் குடுத்துட்டாங்க, குடிக்க மட்டும் இன்னும் கூடாதாம், கொழாத் தண்ணிதான் குடிக்கிறோம், பயப்படாதே. நாத்து வுட்டு பதினேழு நாளாச்சு, ஒரு தாளு மஞ்சளாகல, பச்சப் பசேல்னு நிக்குது! பாக்கப் பாக்க வயிறு நெறையுது. நீ வெயில்ல தலையில துண்டில்லாம நிக்காதே, மொதலாளிகிட்ட வெடுக்குன்னு பேசாதே, உங்க நைனா வாயி உனக்கு.

ஒண்ணுதான்டா மனசுக்குக் கஷ்டமா இருக்குது. உங்க நைனாவுக்கு அந்தத் தவளச் சத்தம் கேக்கல. கெணத்தாண்ட உக்காந்துகினு கத்துதா, கத்துதான்னு என் வாயையே பாத்துகினு இருக்காரு. கத்துதுன்னா பொய் சொல்றேங்கறாரு. தவளகூட பொழைக்காதுன்னு அன்னைக்கு நீ சொன்னது மட்டும் அந்தக் காதுல நல்லா வுழுந்துருக்கு.

நூறு வருசம் நல்லா இரு சாமி. சித்திரையில அறுப்பு, லீவு கேக்க மறக்காதே. வந்து அவரு காதாண்ட நின்னு நீயே கத்திச் சொல்லு.

உன் வரவப் பாத்துகினு இருக்கிற அம்மா,
செல்லியம்மா