காலைக் கட்டத்தில் ஏழு டிக்

அன்புள்ள சித்திக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூவரில் ஒருவனுக்குக் காது இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும்போது அப்படி எழுத வரவில்லை.

இதைப் பக்கத்து வீட்டு கண்டக்டர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை உன் ஊர் வழியாகத்தான் அவர் பஸ் போகிறது. உறையை நாலு பக்கமும் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, என்னம்மா, ராணுவ ரகசியமா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அப்பா கூப்பிட்டால் எடுக்கிற நீ, நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

முதலில் தம்பி பட்டாணியைப் பற்றி. டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்தில் அவனுக்கு வயிறு போகிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை துணி மாற்றுகிறோம். வலது காதைத் தொட விடுவதில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் சில சமயம் திரும்புவதில்லை. காது ஆறினால் சரியாகிவிடும் என்று டாக்டரிடம் இருக்கிற நர்ஸ் அக்கா சொல்கிறார். அம்மா வீடியோவில் பேசும்போது இடது பக்கம் தெரிகிற மாதிரி அவனைப் பிடித்துக்கொள்கிறேன். வெளியூரில் பயிற்சி முடிய அம்மாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று பயம்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நேற்று மாலை மாடிவீட்டுத் தையல்கார அக்கா தன் மகள் சிண்டுவைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி வந்தார். குழந்தையின் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. உதடு வீங்கி, முகமே வேறு குழந்தை முகமாக இருந்தது. அக்காவின் கையில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டில். இது என்ன மருந்துடி, உன் சித்திதான் குடுத்துட்டுப் போனா, இப்பதான் ஒரு வேளை ஊத்தினேன் என்று அழுதார். மூடியைத் திறந்து முகர்ந்தேன். இளஞ்சிவப்பு, பழ வாசனை. பத்து நாள் ராத்திரி என் கையால் கொடுத்த மருந்து சித்தி. எனக்குத் தெரியாதா?

ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனோம். ஊசி போட்டார்கள். சிண்டு இப்போது பரவாயில்லை. பென்சிலின் வகை மருந்து எதுவும் டாக்டரைக் கேட்காமல் இனி கொடுக்கக் கூடாது என்று அவள் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். கலந்த தேதியை நான் சொன்னதும், சாதாரண சளிக்கு இது தேவையே இல்லை, அதுவும் தண்ணீர் கலந்து பதினேழு நாள் ஆனது, வெளியே வைத்திருந்தது, குப்பையில் போக வேண்டியது என்று நர்ஸ் அக்கா திட்டினார்.  

வீட்டுக்கு வந்து நம்முடைய ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தேன். முப்பது மில்லி மிச்சம் இருந்தது. சிண்டு குடித்தது ஐந்து. மொத்தம் முப்பத்தைந்து, அதாவது ஏழு வேளை.

குளிர்பெட்டிக் கதவில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து நான் போட்ட கட்டங்கள். காலை உன் முறை, இரவு என் முறை. கொதித்து ஆறின தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, குலுக்கி, நுரை அடங்கும் வரை இரண்டு பேரும் குனிந்து பார்த்தோமே, அந்த சனிக்கிழமை. சமையலறைக் கரண்டியில் அளக்கக் கூடாது என்று நான் சொன்னபோது, சரிங்க ஹெட் நர்ஸ் என்று சல்யூட் அடித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட என்னை எழுப்பாமல் காலை மருந்தை நீயே கொடுத்தாய். எவ்வளவு நல்ல சித்தி என்று அம்மாவுக்கு எழுதினேன்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றிலிருந்து காலை வேளையை வேறு பாட்டிலில் ஊற்றிவிட்டு டிக் போட்டிருக்கிறாய். அதனால்தான் பத்தாம் நாள் பாட்டில் சரியாகக் காலியானது. எவ்வளவு கச்சிதம்.

ஏன் என்று தையல்கார அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பட்டாணி துப்பித் துப்பி அழுதானாம், உனக்குப் பாவமாக இருந்ததாம். காய்ச்சல்தான் போயிடுச்சே, மிச்சத்தை வீணாக்குவானேன், உன் பிள்ளைக்கு ஆகும் என்றாயாம். அது எனக்குப் புரிகிறது. துப்பும்போது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா இன்னொன்றும் சொன்னார். பெரியவகிட்ட மட்டும் சொல்லிடாதே, ஹெட் நர்ஸ் சார்ட்டும் கையுமா நின்னு உயிரை எடுப்பா என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தீர்களாமே. ஹெட் நர்ஸ் என்பது நம் இருவருக்குள் இருக்கிற பெயர் என்று நினைத்திருந்தேன். அது மாடியிலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வியாழக்கிழமையைத்தான் முடியவில்லை. ஒரு வேளை கூட விடலையே என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாக அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். பிரமாதம், இப்படி எழுதி வைக்கிறவங்களைப் பார்த்ததே இல்லை என்றார். பிறகு முகம் மாறி, அப்படின்னா இந்த மருந்து இவனுக்குக் கேக்கலை, வேற கொடுத்துப் பாப்போம், அதுவும் கேக்கலைன்னா ஆஸ்பத்திரியில சேத்து ஊசிதான் என்றார். பட்டாணி உன் மடியில்தான் இருந்தான். நீ அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தாய். ஒரே பொத்தானை. என் வாயால் டாக்டரிடம் ஒரு பொய்யைச் சொல்ல வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய்.

இரண்டு நாளில் புது வேலை கிடைத்தது, உடனே வரச் சொல்கிறார்கள் என்று கிளம்பினாய். அந்த வேலை நிஜம்தானா? கேட்கவே பயமாக இருக்கிறது.

இப்போது அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு காலை மருந்து கொடுக்கிறார், டிக் போடுகிறார். அவர் போனதும் நான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். அளவு சரியாக இருக்கிறது. இருந்தும் மனம் ஆறவில்லை. உன் நாட்களிலும் அளவு சரியாகத்தானே இருந்தது. அப்பாவைச் சந்தேகப்படுகிறேன் சித்தி. இதற்கு முன் நான் இப்படி இல்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சிண்டுவுக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் தெரியும். ஆனால் நாளை மறுநாள், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் மருந்து முழுசாக உள்ளே போகவே இல்லை என்று தெரியாமல் அவர் அடுத்ததை முடிவு செய்யக் கூடாது. தெரிந்தால் ஒருவேளை ஊசி வேண்டாம் என்பார். வேண்டும் என்றாலும் தெரிந்தே சொல்லட்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அப்பா எதிரிலேயே சொல்வேன்.

நீ சொன்னால் நல்லது. உன்னை மாட்டிவிட இதை எழுதவில்லை. நான் சொன்னால் அது உன்னைப் பற்றிய கோள். நீ சொன்னால் அது விட்டுப்போன ஏழுக்கும் சேர்த்துப் பட்டாணிக்கு நீ கொடுக்கிற ஒரு வேளை.

அங்கிருந்து முதல் பஸ் ஆறே காலுக்கு என்று கண்டக்டர் மாமா சொன்னார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். பத்தரைக்கே போய் வாசல் பெஞ்சில் என் பையை வைத்து உனக்கு இடம் பிடித்து வைப்பேன். எங்கள் நம்பரைக் கூப்பிடும் வரை பையை எடுக்க மாட்டேன்.

வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே, உனக்குத் தலை சுற்றும்.

இப்படிக்கு,
உன் அக்கா மகள்