பிஸ்கட் கிளை ஏறிவிட்டது

கேரத்,

நான் டப்போ நூலகத்துக்குக் கிளம்புகிறேன். வீட்டில் வளர்க்கப் புதிதாகத் தாடி ஓணான் வாங்கியவர்களுக்கு இன்று மதியம் நான்தான் பேசுகிறேன். ஆமாம், உன் பெண்டாட்டியேதான்!

உனக்கு ஃப்ரிட்ஜில் ஆட்டுக்கறி இருக்கிறது. நம் ஓணான் பிஸ்கட்டுக்கு வெட்டுக்கிளிகளைக் கால்சியப் பொடியில் புரட்டிப் போடு. ஓணானைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதே.

ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலே போதும் என்று நாம் இருந்ததைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பது, பிஸ்கட் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. "பாவம் ப்ரான், ஊசி போட்டு வலியில்லாம போய்ச் சேர விட்டுடலாம்" என்றாய். "உனக்கு மனசே இல்லையா?" என்று கத்தினேன். அதிலிருந்து நமக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

அந்தக் கதிரைத் தரும் புது விளக்கு மாட்டி, மருந்தும் கொடுத்த பிறகு, இன்று காலை அது தானாகவே கிளையில் ஏறித் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறது. போய்ப் பார். அந்தக் கிளையைத் தாழ்த்திக் கட்டியது யார் என்று முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

ப்ரான்வென்

பி.கு.: கூட்டத்தில் "நான் பிழைக்க வச்சேன்" என்று சொல்ல மாட்டேன். "நாங்க" என்றுதான் சொல்வேன். முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். சட்டையை மாற்றிக்கொண்டு வா.