அம்மா முகம் திருப்பினால்

திண்டிவனம்
25.2.2002

அன்பு மகன் மணிமாறனுக்கு அப்பா பூமாலை எழுதுவது. இங்கே நானும் தங்கச்சி செண்பகமும் சௌக்கியம், அங்கே நீயும் மருமகள் தமிழ்மொழியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. பொங்கல் கழிந்ததிலிருந்து அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாள், நானும் இரண்டு பேராகத் தெரிகிறேனாம், "ஒருத்தர வச்சிக்கினே பேஜாரு, இதுல ரெண்டு வேறயா" என்று சிரிக்கிறாள். விழுப்புரத்தில் கண் டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரையால் இடது கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பு செயலிழந்துவிட்டதாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் சில மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அதுவரைக்கும் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தால்தான் எதிரில் நிற்கிறவர் ஒரே ஆளாகத் தெரிகிறார், வலது பக்கம் இருக்கிறவர் மட்டும் முகத்தைத் திருப்பாமலே ஒன்றாகத் தெரிகிறார்.

இதனால் போன வாரம் செண்பகத்தின் கல்யாணமே நின்றிருக்கும். கண்டாச்சிபுரத்திலிருந்து நிச்சயம் பேச வந்த மாப்பிள்ளையின் அம்மா கெங்கம்மாள், உன் அம்மா "வாங்க" என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பியதும், "பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, மூஞ்சத் திருப்பிக்கினு எதுக்குக் கூப்பிடறீங்க" என்று விடுவிடு என்று கிளம்பிவிட்டார். நான் ஓடிப்போய் தெருவில் மறித்து விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா அப்படியே திரும்பி வந்து, உன் அம்மாவுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார், நல்ல மனசு. பங்குனியில் கல்யாணம்.

அன்றிலிருந்து உன் அம்மா ஓயாமல் அழுகிறாள். நீ தமிழ்மொழியைக் கட்டிக்கொண்டு வந்த அன்று அவள் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நீயும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் சூரத்துக்கு ரயில் ஏறினாய். அன்றைக்கு அது கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது கல்யாணத்துக்கு வந்து இந்த முகத்தைப் பார்த்து மறுபடியும் வாசலோடு போய்விடுவாயோ என்று பயப்படுகிறாள். "ஜல்தியா எழுதுங்க, ரெண்டு பேரும் எனக்கு வலது பக்கமா வந்து நிக்கட்டும், புள்ளைங்கள கண்ணாரப் பாக்கணும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. வந்ததும் வெளியே நிற்காமல் நேராக உள்ளே வா. அம்மா முகத்தைத் திருப்பினால் உன்னைத்தான் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா
பூமாலை