சங்கு விளக்கும் இரண்டு நிமிடமும்

பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செங்கல்பட்டு வீடு முழுக்க மரத்தூள் வாசனை. நாளைக்குச் சென்னையில் உன் மகளுக்கு ஆங்கிலத் தேர்வு. வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் தாண்டவேண்டிய அதே தேர்வு, நான் எழுதியது. விடுப்பில் நான் வந்திருக்கிற நேரமாகப் பார்த்து, "பெரிம்மா, அதுல இன்னா இன்னா கேப்பாங்க?" என்று பையோடு வந்துவிட்டாள். மூக்கு உன் மூக்கு. கேட்கிற அதட்டலும் உன்னுடையதுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதையேதான் நீ என்னைக் கேட்டாய். அப்போது முதல் தடவை எழுதித் தவறிவிட்டு வந்திருந்தேன். கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாவற்றிலும் எப்படியோ கரையேறிவிட்டேன். பேச்சில்தான் மாட்டிக்கொண்டேன். எதிரே இருந்த அம்மாள் ஒரு சீட்டைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசி, இரண்டு நிமிடம் பேசு என்றார். மூன்று வாக்கியம் சொன்னேன். அப்புறம் வாயில் கொழுக்கட்டை. வேலைக் கடிதம் கையில் இருந்தது. இன்னொரு தடவை தவறினால் அது வெறும் காகிதம்.

மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த உன் கிளிஞ்சல் கடைக்கு வந்து அழுதேன். பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆங்கிலத்தில் நான் கெட்டி. நீயோ அந்தப் பாடத்தாலேயே படிப்பை விட்டவள். ஆனால் வெள்ளைக்காரர்களிடம் சோழி மாலை விற்று விற்று உனக்கென்று ஒரு ஆங்கிலம் வந்திருந்தது. இலக்கணம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பயமும்தான்.

"ரெண்டு நிமிசமா? அவ்ளோதானா?" என்று சிரித்தாய். "ஒரு சங்கு வெளக்க வெச்சிகினு நான் பத்து நிமிசம் பேசறேன்டி. பேச்ச நிறுத்தினா வாங்க வந்தவன் நகந்துடுவான். நகராம பாத்துக்க, முடிஞ்சி போச்சு."

அடுத்து வந்த எட்டு ஞாயிற்றுக்கிழமைகளும் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து உன் கடைக்கு வந்தேன். கண்ணில் பட்டதை எடுத்து என் கையில் திணிப்பாய். ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வந்து நிற்கிற ஆளிடம் நான்தான் பேசவேண்டும். நீ வாயைத் திறக்கமாட்டாய். ஆள் நகர்ந்துவிட்டால் எனக்கு டீ கிடையாது. முதல் ஞாயிறு டீயே குடிக்காமல் வீடு திரும்பினேன்.

காது விஷயத்திலும் நீ இரக்கப்படவில்லை. தேர்வில் ஒலிப்பதிவை ஒரே தடவைதான் போடுவார்கள் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தேன். ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர் ஏதோ கேட்க, புரியாமல் உன் பக்கம் திரும்பினேன். "என்ன ஏன் பாக்கற? ஒரு தபாதான் சொல்வாரு. காது எங்க கீது?" என்றாய். உனக்கும் அது புரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில், உளறுகிற ஒருத்தியைக் கடை முன்னால் நிறுத்திவைத்து, வந்த ஆட்களை எல்லாம் விட்டுக்கொடுத்தாய். அன்றைக்கு நான் அதை யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. உன்னைப்போல் தைரியமும் தாராள மனசும் உள்ளவளை அதற்கப்புறம் நான் எந்த ஊரிலும் பார்க்கவில்லையடி.

இரண்டாவது தடவை, "உனக்குப் பிடித்த ஒரு பொருள்" என்றது சீட்டு. சங்கு விளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கடலில் எடுப்பது, அறுப்பது, உள்ளே பல்பு வைத்தால் சுவரில் விழும் ரோஸ் வெளிச்சம் என்று அந்த அம்மாள் கையை உயர்த்துகிறவரை பேசினேன். அதோடு விட்டேனா? எட்டு ஞாயிறு கேட்ட பழக்கத்தில், "ஒன்லி லுக்கிங் மேடம், நோ பையிங், நோ ப்ராப்ளம்!" என்று உன் வசனத்தையும் சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நேராக உன் கடைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தம்மா நடுவுல நகந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா? பாஸுடி. இந்தா, டீ குடி."

பாஸ்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று தகவல் வந்தபோது வெளிநாட்டில் வார்டு வேலையில் இருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்டிருந்தால் விடுப்பும் டிக்கெட்டும் கிடைத்திருக்கும். நீ இல்லாத கடை முன்னால் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. என்னை மன்னித்துவிடு.

உன் மகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். சற்று முன்னால் அந்த அம்மாள் மாதிரியே எதிரே உட்கார்ந்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "உன் அம்மாவைப் பற்றிச் சொல்." ஒரு நிமிடம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அரை நிமிடம் போயிருக்கும், கண் கலங்கிப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாதடி, நகந்துடுவேன்" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். உன் கடை, உன் அதட்டல், யாரோ ஒரு பெரிம்மாவுக்கு நீ டீ தராமல் அனுப்பிய கதை. நாளைக்கு அந்த அறையில் இரண்டாவது நிமிடமே கையை உயர்த்தி நிறுத்திவிடுவார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் நகரவில்லை.