அப்பாவின் தோக்கும் எனக்கு ஒரு ரைபிளும்

ஜூலை 14, திங்கள்

சாரல். மூன்று நாளாகத் துணி காயவில்லை. ஈர ஜீன்ஸோடே நாகர்கோவில் பஸ்.

செக்யூரிட்டி ஏஜென்சி மேனேஜரைப் பார்த்தேன். அப்பா காவல் நின்ற அதே பேங்க், அதே கதவு. மிலிட்டரிக்காரர்களைத்தான் எடுப்பார்களாம். அப்பா முகத்துக்காக எனக்கு ஒரு சான்ஸ்.

"சொந்தத் தோக்கும் உன் பேர்ல லைசென்சும் வேணும். ஆகஸ்ட் கடைசி வரை பாப்பேன். அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது, கேட்டியா?"

லைசென்ஸ் மனு கொடுத்து மாசங்கள் ஆகிவிட்டன. சுடும் பயிற்சி சர்டிபிகேட் கையில். போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. அப்பா மாசியில் செத்ததிலிருந்து அவர் தோக்கு துப்பாக்கிக் கடை லாக்கரில். லைசென்ஸ் இல்லாத வீட்டில் வைக்கக் கூடாது.

பாலிடெக்னிக்கை விட்டபிறகு எனக்கு வரும் முதல் ஒழுங்கான வேலை. வராமல் போனால் மறுபடி கூட்டுக்காரன் சுபினோடு பந்தல் கட்டப் போக வேண்டும். மாட்டேன்.

ஜூலை 17, வியாழன்

துப்பாக்கிக் கடை. அண்ணாச்சி லாக்கரைத் திறந்து அப்பா தோக்கை எடுத்து மேசையில் வைத்தார். இரட்டைக்குழல், பன்னிரண்டு போர் என்கிற குழல் அளவு. மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"யாருடே இதுக்குத் தேங்காண்ண போட்டது?"

அம்மா. அப்பா படுக்கையில் கிடந்தபோது சனிக்கிழமைதோறும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, தலைக்குத் தேய்ப்பதுபோல் துடைத்தாள். எண்ணெய் உள்ளே பிசின்போல் இறுகி வலது பக்க விசை அடிக்க மறுக்கிறது. குழலுக்குள் உப்புக்காற்று வேறு புள்ளி புள்ளியாய் அரித்திருக்கிறது.

ரிப்பேரா, விற்றுவிட்டு வேறா? பஸ்ஸில் யோசித்தது:

மூணு பதினஞ்சு ரைபிள் – தூரம் போகும், குறி நிற்கும். கையில் பிடித்தால் ஆள் மாதிரி இருக்கும். விலை நம்மால் ஆகாது. தோட்டாவும் அப்படி, வருஷத்துக்கு இத்தனைதான் என்று கணக்கு வேறு.

பாயிண்ட் டூ டூ – தோட்டா மலிவு. சத்தம் கம்மி. ரேஞ்சில் பழக நல்லது. பயிரைத் தின்ன வரும் காட்டுப்பன்றி சிரிக்கும்.

பன்னிரண்டு போர், ஒற்றைக்குழல், புதுசு – உள்ளதில் விலை குறைவு. ஒருமுறை சுட்டால் அடுத்ததைப் போடுமுன் கள்ளன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

அப்பா தோக்கு – ரிப்பேர் செலவு மட்டும்.

எனக்கு ரைபிள்தான் ஆசை. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"ரைபிள் குண்டு பேங்கு சுவரத் துளைச்சு அடுத்த கடையில சாயா குடிக்கவனையும் கூட்டிட்டுப் போவும். எந்த ஏஜென்சிக்காரன் ஒத்துக்குவான்?"

கடையை விட்டு வரும்போது தலைவலி. பசி.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. அம்மா போனாள்.

சுபின் வந்தான். அவர்கள் மரச்சீனிக்கிழங்கு விளை முழுக்கப் பன்றி உழுதிருக்கிறது. டிராக்டர் செலவு மிச்சம் என்றேன். அடிக்க வந்தான்.

"லேய் மக்கா, ரைபிளே எடு. களியக்காவிளைக்கு அங்க, கேரளா பஞ்சாயத்துல பன்னி சுட லைசென்சு உள்ள ஆளு எடுக்கினும். பகல்ல பேங்கு, லீவுல பன்னி. நான் டார்ச்சு பிடிக்கேன்."

"உனக்குப் பன்னியப் பாத்தா மூத்திரம் வரும்."

"அதுக்குத்தானே நீ தோக்கோட நிக்கிறது."

அவன் போனபிறகு கணக்குப் போட்டேன். பேங்குக்கும் விளைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்றால் பன்னிரண்டு போர்தான். தோட்டாவை மாற்றினால் போதும். பெரிய ரவை போட்டால் ஆளுக்கும் பன்றிக்கும், சின்ன ரவை போட்டால் பழகுவதற்கு. எங்கும் தோட்டா கிடைக்கும். ஆக அப்பா தோக்கே. ரைபிள் ஆசை சவத்தைக் குழிதோண்டிப் புதைத்தாயிற்று.

அம்மாவிடம் தேங்காய் எண்ணெய் விஷயம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். பலா இலை எல்லாம் முற்றத்தில்.

போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். அம்மா சாயா போட்டாள், முறுக்கு வைத்தாள். அவர் முறுக்கு இரண்டு தின்று முடித்தபிறகு கேட்டார்:

"தம்பி பேர்ல ஒரு அடிதடி கேஸ் ஓடுது. தெரியுமா?"

"அது சமாதானமாச்சு சார். சபை ஐயர் ஜெபம் பண்ணி, ரெண்டு பக்கமும் கை குடுத்து, அசன விருந்தும் போட்டாச்சு."

"அசனச்சோறு தின்னா கோர்ட்டுல கேஸ் முடியுமாடே? புகார் குடுத்தவன் வந்து சமாதானம்னு சொல்லணும். யாரு போயிச் சொன்னா?"

யாரும் இல்லை. மூன்று வருஷமாக ஊரே முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது இவ்வளவு. சபை கமிட்டி எலக்சன் அன்று சர்ச் வெஸ்ட்ரி அறை வாசலில் அடி. சுபினின் அப்பா தங்கராஜ் மாமாவுக்குக் கை முறிந்தது. அவர் புகார் கொடுத்தார். நம் கட்சிப் பெரியவர்கள் கூடி, வீட்டுக்கு ஒரு ஆள் கேஸை ஏற்றுக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். நான் அன்று சபைப் பக்கமே போகவில்லை. ஆனால் அப்பா பேர் கேஸில் வந்தால் தோக்கு லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வேலை போகும். அதனால் என் பேர்.

"நானும் அங்க நிக்கல மக்கா. சும்மா பேரு குடுத்துருக்கானுவ. நீ போயி ஒரு ஒப்பு போட்டுட்டு வா," என்றார் அப்பா. ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். வரும்வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அவர் லைசென்ஸைக் காப்பாற்றப் போட்ட அந்த ஒப்புதான் இப்போது என் லைசென்ஸைத் தின்கிறது. கேஸ் முடியாமல் கிடைக்காது.

அம்மா மிச்ச முறுக்கை டப்பாவில் திருப்பிப் போட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

தங்கராஜ் மாமாவைப் பார்க்கப் போனேன். ரப்பர் பால் அளக்கிற ஷெட். முன்னே ரப்பர் மரத்தில் கீறிப் பால் எடுக்கும் நல்ல வெட்டுக்காரர். இப்போது வலது மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணி நிற்கிறது, கத்தி பிடிக்க ஆகாது. இடது கையால் பால் அளவு எழுதுகிறார். கோழி கிண்டிய எழுத்து.

"மாமா, கோர்ட்டுல வந்து சமாதானம்னு ஒரு வார்த்த சொன்னா போதும். அசனத்துக்கு நீங்களும் வந்தியளே."

"வந்தேன். தின்னேன். கை நேராகல்ல."

"நான் அன்னைக்கு அங்க இல்ல மாமா."

"தெரியும். அடிச்சது உங்கப்பன்."

வாளிகள் வந்துகொண்டிருந்தன. அவர் எடை பார்த்து எழுதினார். நான் நின்றேன்.

"கம்பு எடுத்தது, ஓங்குனது எல்லாம் பாத்தேன். அன்னைக்கே ஸ்டேஷன்ல சொன்னேன். உங்க ஆளுவ எல்லாம் சேந்து, அவரு பேங்குல டூட்டியில நின்னாருன்னு சொன்னானுவ. நான் பொய்யனாயிட்டேன். சவ அடக்கத்துல ஐயர் வேற சொன்னாரு, எறும்புக்கும் தீங்கு நினையாத மனுசன்னு. நான் பின்னால நின்னு கேட்டேன்."

"இப்ப என்ன செய்யணும்?"

"உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல மக்கா. ஒரு ஞாயிறு அறிவிப்பு நேரத்துல உங்க வீட்டுல இருந்து ஒரு ஆளு எழும்பி, அடிச்சது இன்னாருன்னு சொல்லட்டு. அடுத்த நாளு கோர்ட்டுக்கு வாறேன்."

"நான் இப்ப உங்ககிட்ட சொல்லுகேன். எங்கப்பாதான்."

"எனக்குத் தெரிஞ்சத எனக்குச் சொல்லியா? சபைக்குத் தெரியணும்."

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மாவிடம் கேட்டேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். சாளை.

"அப்பாதானா?"

கத்தி நிற்கவில்லை. "அன்னைக்கு வந்து சட்டைய அவரே கழுவுனாரு. அவரு ஒருநாளும் சட்ட கழுவுனதில்ல."

"உனக்குத் தெரியும். என்னை அனுப்புனிய."

"உனக்கு அப்ப வேலையா வெட்டியா? ஒரு பேருதானேன்னு நெனச்சோம்."

ஒரு பேருதானே. கேட்டுக்கொண்டு சோறு தின்னாமல் வெளியே போனேன். போக இடம் இல்லை. நெய்யூர் வரை நடந்து திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன். கடைசி பெஞ்சு. அறிவிப்பு நேரம் வந்தது. நான் எழவில்லை.

பெண்கள் பக்கம் அம்மா தலை தெரிந்தது. செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் மிச்சம் இருக்கிறது, அதையும் நான் எடுக்கவா? ஒரு வேலைக்காகவா? வேலைக்காகத்தான். அதனால்தான் எழ முடியவில்லை. ஆதாயத்துக்குச் சொல்கிறான் என்பார்கள். உண்மையும் அதுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போகவில்லை. மழை ஒரு சாக்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மேனேஜர் போன். ராஜாக்கமங்கலத்துக்காரர் ஒருவர், மிலிட்டரி, சொந்தத் தோக்கு. திங்கள் சேர்கிறார். "மனசுல வெசமம் வேண்டாம் தம்பி." சரி என்றேன்.

பஸ் பிடித்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். தோக்கைக் கடையே எடுத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். அம்மா கையெழுத்து வேண்டுமாம். போட்டுத் தருவாள்.

கண்ணாடி அலமாரியில் ஏர் ரைபிள் இரண்டு கிடந்தன. பழசு.

"இதுக்கு லைசென்சு?"

"வேண்டாம். பலூன் சுடலாம். பன்னிய சுட்டா உன்னத் தொரத்தும்."

பெரிய ரவை போடுவது ஒன்று, சின்ன ரவை போடுவது ஒன்று. பெரியது பாரம், தூரத்தில் தொங்கிப் போகும். சின்னது நேராகப் போகும், ஒரு டப்பா ரவை ஒரு நாளைக்கு மேலேயே வரும். வயசு வித்தியாசமில்லாமல் யாரும் குழலை மடக்கி லோடு பண்ணலாம். இத்தனை மாசம் யோசித்து, இதுதான் என் கைக்கு எட்டிய ரைபிள். சின்ன ரவைதான் எடுத்தேன், கூட்டம் கூடும் இடத்தில் பலூன் சுடும் கடை போட. முன்பணம் கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 5, வெள்ளி. ஓணம்

வட்டக்கோட்டை. மலையாளிகள் கூட்டம். கோட்டைக்கு வெளியே ஒரு பலகை, சாக்கு, பலூன். சுபின் ஊதுகிறான், நான் லோடு பண்ணுகிறேன். கடல்காற்றில் பலூன் ஒன்றும் நிற்கவில்லை.

குறி இடதுபக்கம் இழுக்கிறது. சரிசெய்ய ஸ்குரூ இருக்கிறது. சரிசெய்தால் எல்லாரும் உடைத்துப் பரிசைக் கொண்டுபோவார்கள், எனக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படியே விட்டேன்.

முண்டு கட்டிய ஒருத்தர் சுட்டதெல்லாம் தப்பி, தோக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கள்ளத்தோக்காணு," என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். சரியாகத்தான் சொன்னார்.

சுபின் கேட்டான்: "எங்கப்பா உன்கிட்ட என்னலே சொன்னாரு? வீட்டுல வாயத் தொறக்க மாட்டேங்காரு."

"ஒண்ணுமில்ல. பலூன ஊது."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், குறி கோணலான தோக்கை வைத்துப் பிழைக்கிறேன் என்று. விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "தங்கராஜ் அண்ணன் இப்பவும் இடதுகையாலயா எழுதுகாரு?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெயில், காற்று இல்லை. அம்மா கூப்பிட்டாள், போனேன். தங்கராஜ் மாமா எனக்கு மூன்று பெஞ்சு முன்னால், சுபின் பக்கத்தில்.

அறிவிப்பு நேரம். பெண்கள் ஐக்கியக் கூட்டம் பற்றி ஐயர் சொன்னார், யாருக்கோ கல்யாணம் சொன்னார், வேறே ஏதாவது உண்டுமா என்று வழக்கம்போல் கேட்டார்.

அம்மா எழுந்தாள்.

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. வேலையும் போயாச்சு, தோக்கும் போயாச்சு, இனி யாருக்கு? அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"எலக்சன் அன்னைக்குத் தங்கராஜ் அண்ணனுக்க கைய அடிச்சு முறிச்சது எங்க வீட்டுக்காரராக்கும். அவரு டூட்டியில இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் கொஞ்சம் நகர்ந்தார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. சுபின் திரும்பி என்னைப் பார்த்தான். மாமா திரும்பவில்லை. வலது கையை மடியிலிருந்து எடுத்து முன்பெஞ்சின் மேல் வைத்தார், எல்லாரும் பார்க்கிற மாதிரி.

ஐயர் தொண்டையைச் செருமினார். அடுத்த பாட்டு நம்பர் சொன்னார்.