தீர்ப்புக் கோபுரத்தில் ஓர் இருமல்

அன்பு மகன் பண்டனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான்கு ஆறுகள் கூடும் அந்தத் துறையில் நீயும் உன் மனைவியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் மான்தோலையும் சுண்ணக்குச்சியையும் கையில் எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. உன் அப்பா மூன்று நாளாக அரண்மனைக்கு எதிரே இருக்கும் தீர்ப்புக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கோபுரத்தில் நம் பக்கத்து வயல் கம்வை. கீழே நான் ஓலைக்குடை பிடித்துக் காவல் இருக்கிறேன், அவன் மனைவியும் அவள் பக்கம் காவல் இருக்கிறாள். நாளைக் காலை அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், யாருக்கு உடம்பு கெட்டிருக்கிறதோ அவன்தான் குற்றவாளி, அவன் கால்விரல்கள் போகும். அப்பா நேற்றிலிருந்து இருமுகிறார்.

நீ போன பிறகும் மழை பொய்த்துக்கொண்டேதான் இருந்தது, மொத்தம் பன்னிரண்டு வருஷம். பெரிய ஏரியிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று ஊரே கூடி மதகைக் கல் வைத்து அடைத்தோமே, நீயும் கல் சுமந்தாய். அப்புறம் ஏரியே வற்றிப்போய், ஈரம் மிச்சமிருப்பது அதன் வயிற்றில்தான் என்று ஆட்கள் உள்ளே இறங்கி நாற்று நட்டார்கள், மரக்கால் ஊன்றிக் குடிசையும் போட்டார்கள். உன் தங்கை பன்லாஸ் பிள்ளை பெற்றதும் அங்கேதான். இந்த வருஷம் வந்ததை மழை என்று சொல்ல மாட்டேன், பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வானம் பழி தீர்த்தது. நாலாம் நாள் தண்ணீர் பன்லாஸ் வீட்டு ஏணியின் மேல்படிக்கு வந்துவிட்டது. ஏறித் தப்பிக்க ஓடம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வறட்சியில் அடுப்புக்குப் போய்விட்டன. அப்பா கரைக்காவலர் அல்லவா, ஆணை இல்லாமல் மதகைத் தொட மாட்டேன் என்று அரண்மனைக்கு ஆள் அனுப்பினார், போனவன் திரும்பவில்லை. "ஆணை வரட்டும், ஆணை வரட்டும்னு உக்காந்திருங்க, பேத்தி மிதந்து வருவா, கரையில நின்னு பாருங்க" என்று கத்தினேன். அவர் மறுபடியும் அரண்மனைப் பாதையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று நண்பகல் சந்தை கலைந்ததும், எதிரே நிற்பவர் முகம் தெரியாத அந்த மழையில், கடப்பாரையோடு போய் மதகின் அடிக்கல்லை நெம்பியது நான்தான், மகனே. ஒரே ஒரு கல். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. பன்லாஸும் குழந்தையும் பிழைத்தார்கள், அறுபது குடிசைக்காரர்களும் பிழைத்தார்கள். ஆனால் கீழே கம்வையின் நாற்றும் இரண்டு எருமைகளும் போயின, கால்வாய் இரண்டு ஆள் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டது, இனி அதிலிருந்து எந்த வயலுக்கும் தண்ணீர் ஏறாது. காவலன்தான் திறந்துவிட்டான் என்று கம்வை போய் முறையிட்டான். அப்போதே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். அப்பா தொடவில்லை, தொடாதவரைக் கோபுரத்துத் தெய்வம் எப்படித் தொடும்? கம்வையும் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறான். இருவருமே நன்றாக இறங்கி வருவார்கள், வழக்கும் அதோடு முடியும் என்று நினைத்தேன். அந்தக் கோபுரங்களைப் பழைய மழைக்குக் கட்டினார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. இந்த மழையில் கல்லுக்கே சளி பிடிக்கும். அவரோ உள்ளே நனைந்துகொண்டு, "நான் ஒரு கல்லையும் தொடல, எனக்கென்ன பயம்? நீ போய் மீன் ஜாடிய மூடி வை" என்கிறார்.

அவர் இருமுவது வெளியே கேட்கக் கூடாதென்று கம்வையின் மனைவியோடு சண்டை பிடித்தேன், ஒவ்வோர் இருமலுக்கும் ஒரு வசவு. நேற்றெல்லாம் அவளும் சளைக்காமல் திட்டினாள். இன்று காலை கிட்டே வந்து, "போதும்க்கா, தொண்டை போயிடும். அவரு இருமுறது எனக்கு நேத்தே கேட்டுச்சு" என்று சொல்லி என் கையில் ஓர் இஞ்சித் துண்டை வைத்துவிட்டுப் போனாள். எருமையைப் பறிகொடுத்தவள், மகனே.

உங்கள் துறைக்குக் கிளம்பும் படகுக்காரி அவசரப்படுத்துகிறாள். இந்தத் தோலை அவளிடம் கொடுத்ததும் அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிடப்போகிறேன். அழாதே. சேற்றுக் கரையில் வழுக்காமல் நிற்க அப்பாவுக்கு விரல் வேண்டும், நான் உட்கார்ந்து மீன் விற்கிறவள், எனக்கு எதற்கு? பயம் இல்லாமல் இல்லை, எழுதும்போதே கால்விரல்களை மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ இப்போது கிளம்பி வராதே, ஆற்றில் இழுப்பு அதிகம். உங்கள் ஆறு சாது என்று எழுதியிருந்தாய், நம்பாதே, வீட்டை உயர்த்தி ஏணிக்கு இரண்டு படி கூட்டிப் போடு. படித்ததும் ஈரக்கையால் இதைத் துடைத்துவிடு. நீயும் உன் மனைவியும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், உங்கள் பிள்ளைகள் காலத்திலாவது மழை ஒழுங்காகப் பெய்ய வேண்டும்.

மறக்காதே, போன வருஷம் நீ அனுப்பிய கோரைப்பாயை, ஊரை விட்டு ஓடினவன் தருவது எனக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேனே, அது இன்னும் இருந்தால் அனுப்பி வை. இனிமேல் நிறைய நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

உன் அம்மா,
ரம்னோச்